குருதிக்கட்டிக் குறிப்பான் புரதங்கள்

குருதிக்கட்டிக் குறிப்பான் புரதங்கள் என்பன, ஒருவரின் குருதிநாளங்களுக்குள் குருதிக்கட்டி உருவாகியுள்ளதா என்பதையோ, இனி உருவாகும் வாய்ப்பு மிகுந்துள்ளதா என்பதையோ மதிப்பிட உதவும் குருதிப் புரதங்கள் ஆகும். இவற்றுள் மிகப் பரவலாக அளவிடப்படுவது டி-டைமர் எனப்படும் புரதத் துண்டு. ஆன்டித்துரோம்பின், புரதம் சி, புரதம் எஸ், 8ஆம் உறைதற் காரணி, வான் வில்லபிராண்ட் காரணி, பி-செலக்டின் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரையில் கட்டி என்னும் சொல் உறைந்த குருதித் திரளையே குறிக்கும். புற்றுநோய்க் கட்டியை அன்று.

இப்புரதங்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். சில புரதங்கள் உடலில் இப்போது நடந்துகொண்டிருக்கும் உறைதலைக் காட்டுகின்றன. வேறு சில, உறைதலுக்கு ஏதுவான நிலை இருப்பதை மட்டுமே காட்டுகின்றன. வைக்கோற்போரிலிருந்து புகை எழுவது ஒன்று. வைக்கோல் நன்கு காய்ந்திருப்பது மற்றொன்று. டி-டைமர் பெரும்பாலும் புகையைப் போன்றது. ஆன்டித்துரோம்பின் குறைபாடு காய்ந்த வைக்கோலைப் போன்றது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் நோயாளிகளிடையே வீண் அச்சம் ஏற்படுவது உண்டு.

== பின்னணி ==

காயம் பட்ட இடத்தில் குருதி உறைவது உயிரைக் காக்கும் செயல். அதே உறைதல் காயமில்லாத நாளத்துக்குள் நிகழ்ந்தால் அது நோயாகிறது. கால்களின் ஆழ்ந்த சிரைகளில் இவ்வாறு கட்டி உருவாவது ஆழ்சிரைக் குருதியுறைவு எனப்படும். அக்கட்டியின் ஒரு பகுதி பிரிந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரல் தமனியில் சிக்கிக்கொண்டால் அது நுரையீரல் தமனி அடைப்பு ஆகும். இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்க்கோ விளக்கினார். மேலை நாடுகளில் ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் ஏற்படுகிறது.

இந்நோயை அறிகுறிகளைக் கொண்டு மட்டும் உறுதி செய்ய முடியாது. கால் வீக்கம் தசைப்பிடிப்பாலும் வரும், தோல் தொற்றாலும் வரும். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் நிமோனியா, மாரடைப்பு, மனப்பதற்றம் என எத்தனையோ காரணங்களால் வரக்கூடும். கட்டியைத் தவறவிட்டால் நோயாளி சில மணி நேரத்தில் இறக்கலாம். கட்டி இல்லாதவருக்கு உறைவெதிர்ப்பி மருந்து கொடுத்தால், மூளையிலோ குடலிலோ குருதிக்கசிவு ஏற்படலாம். ஐயத்துக்குரிய ஒவ்வொருவரையும் சிடி ஸ்கேனுக்கு அனுப்புவதும் எளிதன்று. அதில் கதிர்வீச்சு உண்டு. சிரைவழிச் செலுத்தப்படும் நிறமூட்டி சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றதாக இராது. சிறிய ஊர்களில் கருவியே இராது. எனவே ஒரு குழாய்க் குருதியைக் கொண்டு விடை காண முடியுமா என்னும் கேள்வி மருத்துவர்களை நெடுங்காலமாகத் தூண்டி வந்துள்ளது.

== டி-டைமர் ==

=== உருவாகும் விதம் ===

கல்லீரலில் உருவாகும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் குருதியில் எப்போதும் கரைந்த நிலையில் உள்ளது. நலமாக உள்ளவரின் குருதி நீர்மத்தில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை இது காணப்படும். இதன் மூலக்கூறு நீண்ட வடிவம் கொண்டது. நடுவில் ஈ என்னும் முடிச்சும், இரு முனைகளிலும் டி என்னும் முடிச்சுகளும் அமைந்துள்ளன. டி-டைமர் என்னும் பெயரின் முதலெழுத்து இந்த முனை முடிச்சுகளைக் குறிப்பதே. வைட்டமின் டி-க்கும் இதற்கும் தொடர்பில்லை.

உறைதல் தொடங்கும்போது துரோம்பின் என்னும் நொதி, ஃபைப்ரினோஜனின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி நீக்குகிறது. அவ்வாறு மாறிய மூலக்கூறு ஃபைப்ரின் எனப்படும். ஃபைப்ரின் மூலக்கூறுகள், சுவரில் செங்கற்களை இணைப்பு மாற்றி அடுக்குவதைப் போலப் பாதி நகர்ந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இழைகளாகின்றன. இந்நிலையில் அடுத்தடுத்த மூலக்கூறுகளின் டி முடிச்சுகள் தொட்டுக்கொண்டு மட்டுமே நிற்கின்றன. பின்னர், செயலூக்கம் பெற்ற 13ஆம் காரணி என்னும் நொதி அவற்றை வேதிப்பிணைப்பால் தைத்துவிடுகிறது. இழை உறுதி பெறுவது இத்தையலால்தான்.

கட்டி உருவான உடனேயே அதனைக் கரைக்கும் வேலையும் தொடங்குகிறது. பிளாஸ்மின் என்னும் நொதி ஃபைப்ரின் இழைகளை டி, ஈ முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் வெட்டுகிறது. ஆனால் 13ஆம் காரணி இட்ட தையலை அதனால் பிரிக்க இயலாது. ஆகவே, இரண்டு டி முடிச்சுகள் ஒன்றோடொன்று இணைந்தபடியே குருதியில் விடப்படுகின்றன. இந்த இரட்டையே டி-டைமர்.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. டி-டைமர் தோன்ற வேண்டுமாயின் துரோம்பின், 13ஆம் காரணி, பிளாஸ்மின் ஆகிய மூன்றும் அவ்வரிசையிலேயே செயற்பட்டிருக்க வேண்டும். அதாவது உறைதல் நிகழ்ந்து, கட்டி இறுகி, கரையவும் தொடங்கியிருக்க வேண்டும். ஃபைப்ரினோஜன் தானே சிதைந்தால் டி-டைமர் கிடைக்காது. கட்டி தோன்றிய ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இது குருதியில் தென்படத் தொடங்கும். இதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 8 மணி நேரம்.

நலமாக உள்ளவரின் குருதியிலும் சிறிதளவு டி-டைமர் இருக்கும். சிறு அளவிலான உறைதலும் கரைதலும் உடலில் ஓயாது நடந்துகொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

=== வரலாறு ===

1960களிலும் 1970களிலும் ஃபைப்ரின் சிதைவுப் பொருட்களை அளக்கும் சோதனைகள் வழக்கில் இருந்தன. அவற்றில் பயன்பட்ட பிறபொருளெதிரிகள் ஃபைப்ரினிலிருந்து வந்த துண்டையும் ஃபைப்ரினோஜனிலிருந்து வந்த துண்டையும் பிரித்தறியவில்லை. முழு ஃபைப்ரினோஜனுடனும் பிணைந்துகொண்டன. இதனால் குருதியை முதலில் உறைய வைத்து, ஃபைப்ரினோஜனை நீக்கிய பிறகே சோதிக்க வேண்டியிருந்தது. உறைய வைக்கும் அச்செயலே முடிவைக் கெடுக்கக்கூடியது என்பதால் இம்முறை நம்பகமாக அமையவில்லை.

1975இல் கேம்பிரிட்சில் ஜார்ஜஸ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் வழியைக் கண்டறிந்தனர். ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களிலிருந்து பெறப்படுவதால் இப்பிறபொருளெதிரிகள் யாவும் ஒரே இலக்கை மட்டுமே பற்றும். 1983இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டென்னிஸ் ரைலட்டும் உடன் ஆய்வாளர்களும், இணைந்த டி முடிச்சுகளைப் பற்றி, ஃபைப்ரினோஜனை விட்டுவிடும் பிறபொருளெதிரி ஒன்றை வெளியிட்டனர். அது டிடி-3பி6 எனப் பெயர் பெற்றது. குருதியை உறைய வைக்காமலேயே டி-டைமரை அளக்க இது வழிவகுத்தது. இன்றைய சோதனைகள் யாவும் இக்கருத்தின் வழிவந்தவையே.

=== அளவிடும் முறைகளும் அலகுகளும் ===

சோடியம் சிட்ரேட் கலந்த குழாயில் குருதி எடுக்கப்படுகிறது. 9 பங்கு குருதிக்கு 1 பங்கு சிட்ரேட் என்னும் விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், குழாயைக் குறித்த கோடுவரை நிரப்புவது இன்றியமையாதது. பின்னர் பிரிக்கப்பட்ட குருதி நீர்மம் எலைசா முறையிலோ, பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகள் திரள்வதால் ஏற்படும் கலங்கலை ஒளியால் அளக்கும் முறையிலோ சோதிக்கப்படுகிறது. பிந்தையது சில நிமிடங்களில் முடிவு தருவதால் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் வழக்கத்தில் உள்ளது. திரள்வதைக் கண்ணால் பார்த்து ஆம், இல்லை எனக் கூறும் பழைய முறைகள் உணர்திறனில் குறைந்தவை.

வெவ்வேறு நிறுவனங்களின் சோதனைகளில் வெவ்வேறு பிறபொருளெதிரிகள் பயன்படுகின்றன. டி-டைமரோ ஒரே அளவான துண்டு அன்று. பல நீளங்களில் வரும் துண்டுகளின் கலவை. ஆகையால் ஒரே குருதிக்கு இரு ஆய்வுக்கூடங்கள் இரு எண்களைத் தரக்கூடும். அனைவருக்கும் பொதுவான பன்னாட்டுத் தரப்படுத்தல் இதற்கு அமையவில்லை.

இத்துடன் அலகுச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சில சோதனைகள் டி-டைமரின் எடையையே தருகின்றன. வேறு சில, அந்த டி-டைமர் எவ்வளவு ஃபைப்ரினோஜனிலிருந்து வந்திருக்கும் என்று கணக்கிட்டு, ஃபைப்ரினோஜன் சமான அலகில் தருகின்றன. ஃபைப்ரினோஜனின் மூலக்கூற்று எடை டி-டைமரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், இரண்டாம் வகை எண் முதல் வகையைப் போல் சுமார் இரு மடங்காக இருக்கும். முதல் வகையில் 250 என்பதும் இரண்டாம் வகையில் 500 என்பதும் ஒன்றே. மேலும் ஒருவர் 0.5 மில்லிகிராம்/லிட்டர் என்பார், மற்றொருவர் அதனையே 500 நானோகிராம்/மில்லிலிட்டர் என்பார். அலகைக் குறிக்காமல் எண்ணை மட்டும் ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு அனுப்பினால் என்ன நேரும் என்பது கணினித் துறையினர் நன்கறிந்தது. இங்கும் அதே பிழைதான். விலை மட்டும் வேறு. அறிக்கையைப் படிப்போர் எண்ணுக்கு முன் அலகையும், அந்த ஆய்வுக்கூடம் அச்சிட்டுள்ள வரம்பையும் பார்க்க வேண்டும்.

=== அளவு உயரும் பிற நிலைகள் ===

அறுவை மருத்துவம், எலும்பு முறிவு, கருவுற்ற நிலை, கடுந்தொற்று, புற்றுநோய், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் டி-டைமர் உயரும். முதுமையிலும் உயரும். விரியன் வகைப் பாம்புகளின் நஞ்சு உறைதற் காரணிகளைக் கட்டுப்பாடின்றித் தூண்டுவதால், அக்கடிக்கு ஆளானோரிடம் இது மிக உயர்ந்து காணப்படும். மறுபுறம், கட்டி இருந்தும் அளவு குறைவாகத் தோன்றும் நிலைகளும் உண்டு. நோயாளி ஏற்கெனவே ஹெப்பாரின் முதலிய மருந்துகளைப் பெறத் தொடங்கியிருத்தல், அறிகுறி தோன்றி இரு வாரங்களுக்கு மேலாகியிருத்தல், கட்டி மிகச் சிறியதாக இருத்தல் ஆகியவை அவற்றுள் சில.

== கட்டி இல்லை எனக் கூறும் சோதனை ==

டி-டைமரின் முதன்மைப் பயன் கட்டி இருப்பதை உறுதி செய்வது அன்று. இல்லை என்பதை உறுதி செய்வதே. இது முதலில் படிப்போருக்கு முரணாகத் தோன்றலாம். சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஒரு சோதனையின் உணர்திறன் 95% எனவும், தனித்தன்மை 40% எனவும் கொள்வோம். அதாவது, கட்டி உள்ள 100 பேரில் 95 பேருக்கு உயர்ந்த அளவும், கட்டி இல்லாத 100 பேரில் 40 பேருக்கு மட்டுமே இயல்பான அளவும் வரும். நோய் வாய்ப்புக் குறைந்த 2000 பேர் மருத்துவமனைக்கு வருகின்றனர். அவர்களில் 100 பேருக்கு மட்டுமே கட்டி உள்ளது. சோதித்தால், கட்டி உள்ள 95 பேருடன் கட்டி இல்லாத 1140 பேரும் உயர்ந்த அளவு காட்டுவர். உயர்ந்த அளவு பெற்ற 1235 பேரில் உண்மையான நோயாளிகள் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் இயல்பான அளவு பெற்ற 765 பேரில் தவறவிடப்பட்டவர்கள் 5 பேரே. ஆகவே "இயல்பு" என்னும் முடிவை நம்பி அந்த 765 பேரை ஸ்கேன் இன்றி வீட்டுக்கு அனுப்பலாம்.

இதே சோதனையை நோய் வாய்ப்பு மிகுந்த 2000 பேரிடம், அதாவது பாதிப் பேருக்குக் கட்டி உள்ள குழுவிடம் செய்வோம். இயல்பான அளவு பெறுவோர் 450 பேர். அவர்களில் 50 பேருக்குக் கட்டி இருக்கும். ஒன்பதில் ஒருவரைத் தவறவிடுவதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். சோதனை மாறவில்லை, கருவி மாறவில்லை, சோதிக்கப்பட்டவர்களே மாறினர். எனவே குருதி எடுப்பதற்கு முன் நோயாளியின் முன்வாய்ப்பைக் கணிப்பது கட்டாயமாகிறது.

இதற்கெனக் கனடாவின் மருத்துவர் ஃபிலிப் வெல்ஸ் 1990களில் மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். ஆழ்சிரைக் குருதியுறைவுக்கான வெல்ஸ் மதிப்பெண்ணில் புற்றுநோய், அண்மைய அறுவை அல்லது படுக்கை வாசம், கால் முழுதும் வீக்கம், ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருத்தல் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. வேறொரு நோயே காரணமாக இருக்கலாம் என மருத்துவர் கருதினால் 2 புள்ளிகள் கழிக்கப்படும். கூட்டுத்தொகை குறைவாக உள்ளோருக்கு டி-டைமரும், மிகுந்தோருக்கு நேரடியாக அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி ஸ்கேனும் பரிந்துரைக்கப்படுகின்றன. மதிப்பெண் குறைவாகவும் டி-டைமர் இயல்பாகவும் உள்ளோரை அல்ட்ராசவுண்ட் இன்றியே விடலாம் என்பதை வெல்ஸ் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

முன்வாய்ப்பைக் கணிக்காமல், எவ்வித அறிகுறியும் அற்றவர்களிடம் முழுவுடல் சோதனைத் தொகுப்பின் ஒரு பகுதியாக டி-டைமரை அளப்பது பயனற்றது என்பதும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும்.

=== வரம்பெண் ===

லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் (ஃபைப்ரினோஜன் சமானம்) என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட வரம்பு. முதியோரிடம் இவ்வரம்பு பயனிழந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி இன்றியே அளவு 500ஐத் தாண்டிவிடும். எனவே 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு வயதை 10ஆல் பெருக்கி வரம்பாகக் கொள்ளும் முறை முன்மொழியப்பட்டது. 78 வயதினருக்கு வரம்பு 780. பிரான்சு, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. முன்வாய்ப்பு மிகாத, 75 வயதைக் கடந்தோரில், பழைய வரம்பின்படி 6.4% பேருக்கு மட்டுமே ஸ்கேன் இன்றி அடைப்பு இல்லை எனக் கூற முடிந்தது. புதிய வரம்பின்படி இது 29.7% ஆக உயர்ந்தது. தவறவிடப்பட்டோர் மிகச் சிலரே.

நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான இயர்ஸ் ஆய்வு வேறு வழியைப் பின்பற்றியது. காலில் குருதியுறைவின் அறிகுறி உள்ளதா, இருமலில் குருதி வருகிறதா, நுரையீரல் தமனி அடைப்பே முதன்மை ஐயமா என மூன்று கேள்விகள் மட்டும் கேட்கப்பட்டன. மூன்றுக்கும் விடை இல்லை எனில் வரம்பு 1000; ஒன்றுக்கேனும் ஆம் எனில் 500. கருவுற்ற பெண்களுக்கு ஏற்பச் சற்று மாற்றப்பட்ட இதே முறை 2019இல் வெளியானது.

== மருந்தை நிறுத்துவதா தொடர்வதா ==

வெளிப்படையான காரணம் எதுவுமின்றி ஒருவருக்குக் கட்டி ஏற்பட்டு, மூன்று அல்லது ஆறு மாதம் உறைவெதிர்ப்பி மருந்து உட்கொண்ட பின், அதனை நிறுத்தலாமா என்பது எளிதில் விடை காண முடியாத கேள்வி. நிறுத்தினால் கட்டி மீண்டும் வரலாம். வாழ்நாள் முழுதும் தொடர்ந்தால் குருதிக்கசிவு அச்சம் உடன் வரும்.

இத்தாலியில் குவால்தியேரோ பலாரெத்தி தலைமையில் நடந்து 2006இல் வெளியான புரோலாங் ஆய்வில், மருந்தை நிறுத்திய ஒரு மாதத்திற்குப் பின் டி-டைமர் அளவிடப்பட்டது. இயல்பான அளவு காட்டியோர் மருந்தின்றி விடப்பட்டனர். உயர்ந்த அளவு காட்டியோர் சீட்டுக் குலுக்கல் போன்ற வாய்ப்புமுறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருந்தை மீண்டும் தொடங்காத குழுவில் 15.0% பேருக்கும், தொடங்கிய குழுவில் 2.9% பேருக்கும் பாதக நிகழ்வுகள் ஏற்பட்டன. இயல்பான அளவு காட்டியோரில் இது 6.2%. டி-டைமர் இங்கு நோயை விலக்கும் சோதனையாக அன்றி, எதிர்காலத்தைக் கணிக்கும் குறிப்பானாகச் செயற்பட்டது.

ஆயினும் இதனை அனைவருக்கும் பொதுவிதியாக்க முடியவில்லை. கனடாவின் கிளைவ் கியரன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், டி-டைமர் இயல்பாக இருந்த காரணத்தால் மருந்தை நிறுத்திய ஆண்களில் ஆண்டுக்கு 9.7% பேருக்குக் கட்டி மீண்டும் வந்தது. பெண்களில் இது 5.4%. ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் முதற்கட்டி ஏற்பட்ட பெண்களில் ஒருவருக்கும் மீண்டும் வரவில்லை. ஆண்களுக்கு "இயல்பு" என்னும் முடிவு போதிய காப்பளிக்கவில்லை என்பதே இதன் பொருள். பாலினம், முதற்கட்டி ஏற்பட்ட இடம், டி-டைமர் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வியன்னா மாதிரி போன்ற கணிப்பு முறைகள் இதனால்தான் தோன்றின.

== இயற்கைத் தடுப்புப் புரதங்களின் குறைபாடு ==

உறைதல் கட்டுமீறிப் போகாமல் தடுக்கும் புரதங்களும் குருதியில் உள்ளன. 1965இல் நோர்வே மருத்துவர் ஓலாவ் எகேபெர்க், தலைமுறை தலைமுறையாகக் கட்டி ஏற்பட்டுவந்த ஒரு குடும்பத்தில் ஆன்டித்துரோம்பின் குறைவாக இருப்பதைக் கண்டறிந்தார். கட்டி நோய்க்குப் பிறவிக் காரணம் உண்டு என்பதற்கு இதுவே முதற்சான்று. புரதம் சி குறைபாடு 1981இலும், புரதம் எஸ் குறைபாடு 1984இலும் அறியப்பட்டன. புரதம் சி என்னும் பெயர், அது பிரித்தெடுப்பு ஆய்வில் மூன்றாவதாக, அதாவது சி என்னும் முகட்டில் வெளிப்பட்டதால் வந்தது. எஸ் என்பது அமெரிக்காவின் சியாட்டில் நகரைக் குறிக்கும்.

1993இல் சுவீடனின் பியோர்ன் டால்பெக், செயலூக்கம் பெற்ற புரதம் சி-க்குச் சிலரின் குருதி பணியாததைக் கண்டார். மறு ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான 5ஆம் காரணியின் மரபணு மாற்றத்தை அடையாளம் கண்டனர். லெய்டன் 5ஆம் காரணி எனப்படும் இது ஐரோப்பிய வழியினரிடையே பரவலாகவும், கிழக்கு ஆசியரிடையே மிக அரிதாகவும் காணப்படுகிறது. எனவே ஐரோப்பியரிடம் பெறப்பட்ட இடர்க் கணக்குகளைப் பிற மக்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

8ஆம் காரணியின் அளவு மிகுவதும் இடரை உயர்த்துகிறது என 1995இல் லெய்டன் ஆய்வு காட்டியது. 8ஆம் காரணியைச் சுமந்து செல்வது வான் வில்லபிராண்ட் காரணி. இதன் அளவு ஓ வகைக் குருதி உடையோரிடம் ஏனையோரைவிடச் சுமார் 25% குறைவு. ஓ வகையினருக்குச் சிரைக் கட்டி குறைவாக ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றை அளக்கும் நேரம் முக்கியமானது. கட்டி புதிதாக ஏற்பட்டிருக்கும்போதும் ஹெப்பாரின் பெறும்போதும் ஆன்டித்துரோம்பின் குறைந்து காணப்படும். வைட்டமின் கே-யைச் சார்ந்து உருவாவதால், வார்ஃபரின் உட்கொள்வோரிடம் புரதம் சி, புரதம் எஸ் இரண்டும் குறையும். கருவுற்ற காலத்தில் புரதம் எஸ் தானே இறங்கும். இந்நிலைகளில் சோதித்து, இல்லாத பிறவிக் குறைபாட்டை ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றிவிடக் கூடாது.

== புற்றுநோயாளிகள் ==

புற்றுநோயாளிகளுக்குக் கட்டி ஏற்படும் வாய்ப்பு மிகுதி. 2008இல் வெளியான கொரானா மதிப்பெண், புற்றுநோயின் வகை, குருதியணு எண்ணிக்கைகள், உடற்பருமன் ஆகியவற்றைக் கொண்டு இடரைக் கணித்தது. 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் அதனுடன் டி-டைமரையும் பி-செலக்டினையும் சேர்த்தபோது கணிப்புத் திறன் கூடியது. பி-செலக்டின், குருதிச் சிறுதட்டுகளும் நாள உட்சுவர் உயிரணுக்களும் தூண்டப்படும்போது வெளிப்படும் ஒட்டுப்புரதம்.

== கோவிட்-19 காலம் ==

ஆய்வுக்கூடத்துக்குள் வழங்கிவந்த டி-டைமர் என்னும் சொல் 2020, 2021 ஆண்டுகளில் தமிழகத்து வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் வெளியான வூகான் நகர ஆய்வு, மருத்துவமனையில் சேரும்போது டி-டைமர் 1 மைக்ரோகிராம்/மில்லிலிட்டரைத் தாண்டியிருந்தோர் இறக்கும் வாய்ப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. அதன்பின் உலகெங்கும் கோவிட் நோயாளிகளுக்கு இச்சோதனை செய்யப்பட்டது. உயர்ந்த எண்ணைக் கண்டவுடன் உறைவெதிர்ப்பி மருந்தின் அளவை உயர்த்தும் வழக்கமும் பரவியது.

2021இல் வெளியான பன்னாட்டுச் சோதனைகளின் முடிவு வேறாக இருந்தது. தீவிர சிகிச்சை தேவைப்படாத நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் பயன் தந்தது. டி-டைமர் மிகுந்தோர், குறைந்தோர் ஆகிய இரு சாராரிடமும் அப்பயன் காணப்பட்டது. தீவிர சிகிச்சையில் இருந்தோருக்குப் பயன் தரவில்லை. நோயின் கடுமையை எண் காட்டியது உண்மை; ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பதை அது தனியே முடிவு செய்யவில்லை.

அதே ஆண்டில், அடினோ தீநுண்மி வழித் தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாக ஏற்பட்ட குருதியுறைவு நோய் கண்டறியப்பட்டது. அதில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தும் டி-டைமர் மிக உயர்ந்தும் இருந்தன. சிறுதட்டுக் காரணி 4 என்னும் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளே அதற்குக் காரணம் எனவும் தெரியவந்தது. இங்கு டி-டைமர் நோயை விரைந்து ஐயுற உதவியது.

== புதிய குறிப்பான்களைத் தேடல் ==

உயர்ந்த டி-டைமர் எதையும் உறுதி செய்வதில்லை என்பதால், கட்டியை நேரடியாகச் சுட்டும் வேறு புரதம் உண்டா எனத் தேடப்படுகிறது. இத்தேடல் கடினமானது. குருதி நீர்மப் புரதங்களில் ஏறத்தாழ பாதி அல்புமின் மட்டுமே. லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை. மறுகோடியில், சில சமிக்ஞைப் புரதங்கள் மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்களே உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் ஆயிரம் கோடி மடங்கு. நிறமாலை நிறைமானியில் அல்புமினின் இரைச்சலுக்குள் அரிய புரதத்தின் குரல் அமுங்கிவிடும். இதனால் பல நூறு பிறபொருளெதிரிகளைக் கொண்டு ஒரே நேரத்தில் பல நூறு புரதங்களை அளக்கும் முறைகள் உருவாக்கப்பட்டன. சுவீடனின் மனிதப் புரத வரைபடத் திட்டத்தில் சேர்ந்த பிறபொருளெதிரிகள் இதற்குப் பெரிதும் உதவின. அவ்வழியில் 2016இல் வெளியான ஆய்வு, வான் வில்லபிராண்ட் காரணியுடன் சிறுதட்டுவழி வளர்ச்சிக் காரணி பி என்னும் புரதத்தையும் சுட்டியது.

இரண்டாவது சிக்கல் காரண காரியம் பற்றியது. கட்டி ஏற்பட்ட பின் எடுத்த குருதியில் ஒரு புரதம் மிகுந்திருந்தால், அது கட்டிக்குக் காரணமா, கட்டியின் விளைவா என்று கூற முடியாது. அழற்சி ஏற்பட்டாலே பல புரதங்கள் உயரும். நலமாக உள்ளோரின் குருதியை முன்னதாகவே உறைநிலையில் சேமித்து, பிற்பாடு யாருக்குக் கட்டி வருகிறது எனப் பல ஆண்டுகள் காத்திருந்து பார்ப்பது ஒரு வழி. நோர்வேயின் துரோம்சோ நகரில் 1994-95இல் 27,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுச் சுற்று அத்தகையது. அமெரிக்காவில் இவ்வாறு சேமித்த குருதியைக் கொண்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, டி-டைமர் மிகுந்திருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பின்னாளில் கட்டி ஏற்படும் வாய்ப்பு, மிகக் குறைந்த பங்கினரைப் போல் சுமார் மூன்று மடங்கு எனக் கண்டது. அப்படியெனில் டி-டைமர் புகை மட்டுமன்று. வைக்கோலின் காய்ச்சலையும் ஓரளவு காட்டுகிறது.

ஒப்பிடும் குழுவைச் சரியாகத் தேர்வது மற்றொரு வழி. சுவீடனில் யாக்கோப் ஓடெபெர்க் குழுவினர், கட்டி ஐயத்துடன் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் மருந்து தொடங்கும் முன்பே குருதி பெற்றனர். ஸ்கேனில் கட்டி உறுதியானோரை, அதே அறிகுறிகளுடன் வந்து கட்டி இல்லை என முடிவானோருடன் ஒப்பிட்டனர். நலமானவர்களோடு ஒப்பிடுவதைவிட இது கடுமையான தேர்வு. 2023இல் வெளியான அவ்வாய்வில், நிரப்புக் காரணி எச் தொடர்புடைய 5ஆம் புரதம் கட்டி உள்ளோரிடம் மிகுந்திருந்தது. பிரான்சு, எசுப்பானியம் உள்ளிட்ட நாடுகளின் வேறு நோயாளிக் குழுக்களிலும் அத்தொடர்பு காணப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் இப்புரதத்தைச் சேர்த்தபோது சிறுதட்டுகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன.

கல்லீரலில் உருவாகும் இப்புரதம் உறைதற் காரணி அன்று. நுண்ணுயிர்களை அழிக்கும் நிரப்பு மண்டலம் என்னும் நோயெதிர்ப்புப் பிரிவை நெறிப்படுத்துவது. உறைதலும் நோயெதிர்ப்பும் தனித்தனித் துறைகளாகப் பாடநூல்களில் பிரித்து எழுதப்பட்டு வந்தாலும், சிரைக்கட்டி ஆய்வுகள் இவ்விரண்டின் எல்லைக்கு மீண்டும் மீண்டும் வந்து சேர்கின்றன. இப்புரதம் டி-டைமரைப் போல மருத்துவமனைகளில் வழமையாக அளவிடப்படுவதில்லை.